வட்டுக்கோட்டைச் செமினரியும் யாழ்ப்பாணத்தின் வளர்ச்சியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. கிணற்று நீரையும் பனையையும் புகையிலையையும் நம்பி வாழ்ந்த இச்சிறு நிலப்பகுதி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் பிற பகுதிகளுக்கும் தென்னிந்தியாவுக்கும், பின்னர் மலாயாவுக்கும், ஆசிரியரையும் எழுத்தரையும் மருத்துவரையும் அனுப்பி வைத்தது. இவ்வளர்ச்சிக்குக் கல்வியே முதற்காரணம். அக்கல்விக்கு ஊற்றாக விளங்கிய நிறுவனங்களுள் தலையாயது வட்டுக்கோட்டைச் செமினரி. ஆயினும் அதனை நிறுவிய மிஷனே 1855ஆம் ஆண்டில் அதனை மூடத் தீர்மானித்தது. கல்லூரிகளை நடத்தும் திருச்சபை இத்தீர்மானத்தை ஆராய்ந்து பார்ப்பது நன்று.

தோற்றமும் பாடத்திட்டமும்

அமெரிக்க மிஷனெரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, கிராமங்கள் தோறும் தமிழ்ப் பள்ளிகளைத் தொடங்கினர். இப்பள்ளிகளின் மேல் ஓர் உயர்கல்வி நிலையம் எழ வேண்டும் என்னும் திட்டத்தை 1823இல் வெளியிட்டனர். அமெரிக்கர் கல்லூரி ஒன்றை நிறுவுவதற்குப் பிரித்தானிய அரசு இசையவில்லை. ஆகவே அது செமினரி என்னும் பெயருடன், டானியல் பூர் தலைமையில், அவ்வாண்டே வட்டுக்கோட்டையில் தொடங்கியது.

அங்கே வேதாகமத்துடன் ஆங்கிலமும் தமிழ் இலக்கணமும் கணிதமும் வானநூலும் இயற்கை விஞ்ஞானமும் கற்பிக்கப்பட்டன. தொடக்கத்தில் மாணவருக்கு உணவும் உறைவிடமும் இலவசமாகவே கிடைத்தன. செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களை மாணவருக்கு இடும் வழக்கமும் இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை போன்ற இரட்டைப் பெயர்கள் அவ்வாறே தோன்றின.

மிஷனின் தீர்ப்பு

அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855இல் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். உள்நாட்டுப் போதகர்களால் நடத்தப்படும், தன்னைத்தானே தாங்கும் கிராமச் சபைகளை உருவாக்குவதே மிஷனின் நோக்கம் என்பது அவர் கொள்கை. ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞரோ அரசுப் பணிகளையே நாடினர். அங்குக் கிடைத்த ஊதியத்தைக் கிராமச் சபைகளால் தர இயலவில்லை. எனவே ஆங்கிலவழி உயர்கல்வி கைவிடப்பட்டது. அதன் இடத்தில் சிறிய அளவில் தமிழ்வழிப் பயிற்சி மேற்கொள்ளப்பட்டது.

ஆண்டர்சனின் கொள்கையை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. தாய்மொழியில் இறைப்பணி, சபையின் சுயாதீனம் ஆகியவற்றை அவர் வற்புறுத்தியது மிஷன் வரலாற்றில் ஒரு நல்ல திருப்பம். எனினும், திருச்சபைக்குக் கிடைத்த ஊழியரின் எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு ஒரு கல்லூரியை மதிப்பிட முடியுமா?

எண்ணிக்கைக்கு அகப்படாதவை

1841இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்கள் இருவரும் செமினரியில் பயின்றோரே. சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலில் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்தளித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1858இல் முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் வழங்கியபோது, அதனைப் பெற்ற இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையில் கற்றவர்களே. தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். மிஷனின் கணக்கில் அவர் இழப்பாகலாம்; தமிழுக்கோ பெரும் பேறு.

எதிர்வினையும் வளர்ச்சிக்கு உதவிற்று. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கினார். 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. சமயப் போட்டியினால் குடாநாடெங்கும் பள்ளிகள் பெருகின.

இவ்வளர்ச்சிக்கு இருண்ட பக்கமும் உண்டு. செமினரி மாணவருள் பெரும்பாலோர் வேளாளர். சமூகத்தின் அடித்தளத்தில் இருந்தோரை இவ்வுயர்கல்வி எட்டவில்லை. மேலும், கல்வி நிலத்தை வளம்படுத்துவதைவிட, நிலத்தை விட்டு வெளியேறுவதற்கே மிகுதியும் வழி காட்டியது. வெளியூர் ஊதியம் ஊருக்குத் திரும்பி வந்து வீடுகளையும் பள்ளிகளையும் எழுப்பியது உண்மை. எனினும், பிறர் தரும் வேலையை நம்பி நிற்கும் வளர்ச்சியாகவே அது அமைந்தது.

மக்களின் மறுமொழி

செமினரி மூடப்பட்ட பின், அதன் பழைய மாணவரும் உள்ளூர்க் கிறிஸ்தவரும் ஓர் உயர்கல்வி நிலையம் மீண்டும் வேண்டும் என வற்புறுத்தினர். அதன் பயனாக 1872இல் வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது; ஹேஸ்டிங்ஸ் அதன் முதல்வரானார். மிஷன் வேண்டாமென்று விட்டதைச் சபையும் ஊரும் கேட்டுப் பெற்றன. முதல் நிலையம் மிஷனெரிமாரின் திட்டத்தில் பிறந்தது. இரண்டாவது மக்களின் விருப்பத்தில் பிறந்தது. ஆண்டர்சன் நாடிய சுயாதீனத்தின் சான்று, அவர் மூடிய கல்லூரியைத் திறக்கக் கேட்டவர்களிடமே வெளிப்பட்டது எனலாம்.

வட்டுக்கோட்டை வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே: திருச்சபையின் கல்லூரி, மாவினுள் மறைந்த புளிப்பைப் போன்றது. அதன் செயல் சபைப் பதிவேட்டில் மட்டும் காணப்படுவதன்று. எனினும், மாவு முழுவதும் புளித்ததா என்னும் கேள்வியை நாம் தவிர்க்க இயலாது. நம் கல்லூரிகளில் எத்தனை பேர் கிறிஸ்தவர், எவ்வளவு வருமானம் என்று கணக்கிடும்போதே, அக்கல்லூரியின் வாசலுக்கு வராத சுற்றுப்புற மக்கள் யாவர் என்றும் கேட்போமாக. 1855இல் கேட்கப்படாமற்போன கேள்வி அதுவே.