இந்தியக் காற்பந்தில் போட்டிச் சமநிலை

போட்டிச் சமநிலை என்பது ஒரு விளையாட்டுக் கூட்டிணைவில் பங்கேற்கும் கழகங்களுக்கிடையே வெற்றி வாய்ப்பு எந்த அளவுக்குப் பரவலாக உள்ளது என்பதைக் குறிக்கும் கருத்து ஆகும். தொழில்முறைக் காற்பந்தில் பணவளம் மிக்க கழகங்கள் சிறந்த வீரர்களைத் தம்பால் ஈர்த்துக்கொள்வதால் இச்சமநிலை குலைகின்றது. இந்தியாவில் இதனுடன் மற்றொரு சிக்கலும் சேர்ந்திருந்தது. 2014 இல் தொடங்கப்பட்ட இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைய, 2023 வரை, களத்தில் பெறும் வெற்றி வழியாக அமையவில்லை. 2018–19 பருவத்தில் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி காற்பந்துக் கழகத்தின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டாகும்.

கருத்து விளக்கம்

வெற்றி பெறும் கழகத்துக்குப் பரிசுத் தொகை, தொலைக்காட்சி வருவாய், விளம்பரதாரர் ஆதரவு ஆகியவை கூடுதலாகக் கிடைக்கின்றன. அப்பணம் மேலும் சிறந்த வீரர்களைப் பெற உதவுகின்றது. இச்சுழற்சி தொடரும்போது சில கழகங்களே மீண்டும் மீண்டும் பட்டம் வெல்கின்றன. செருமனியின் புன்டசுலீகாவில் பேயர்ன் மியூனிக் கழகம் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை வாகை சூடியது. எனினும், பணமே முடிவைத் தீர்மானிக்கும் என்பது விதியன்று. 2015–16 பருவத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி தன்னினும் பலமடங்கு செல்வமுடைய கழகங்களை முந்தி முதலிடம் பெற்றது.

போட்டியின் நேர்மையை இரு கோணங்களில் நோக்கலாம்.

1. உட்சமநிலை: ஒரே கூட்டிணைவில் உள்ள கழகங்களுக்கிடையேயான சமநிலை.
2. திறந்த தன்மை: கீழ்நிலைக் கூட்டிணைவில் வெல்லும் கழகம் மேல்நிலைக்கு உயரவும், மேல்நிலையில் கடைசியாக வரும் கழகம் கீழிறங்கவும் உள்ள வாய்ப்பு.

இவை இரண்டும் எப்போதும் சேர்ந்து அமைவதில்லை. ஐரோப்பியக் கூட்டிணைவுகளில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஆனால் செல்வ வேறுபாடு மிகுதி. அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் ஊதிய வரம்பு உண்டு. ஆனால் ஏற்றமும் இறக்கமும் இல்லை.

பின்னணி

இந்தியாவில் தேசியக் காற்பந்துக் கூட்டிணைவு 1996 இல் தொடங்கப்பட்டது. 2007 இல் அதற்கு மாற்றாக ஐ-லீக் உருவானது. 2010 இல் அகில இந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்பந்தம் செய்துகொண்டது. இதன்படி இந்தியக் காற்பந்தின் வணிக உரிமைகள் அந்நிறுவனத்துக்குச் சென்றன. இவ்வொப்பந்தத்தின் தொடர்ச்சியாகவே 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது.

புதிய கூட்டிணைவின் அணிகள் விளையாட்டுத் தகுதியால் அன்றி, ஏலக் கேட்பின் மூலம் தேர்வு செய்யப்பட்டன. உரிமையாளர்கள் ஆண்டுதோறும் பங்கேற்புக் கட்டணம் செலுத்தினர். 2017 இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் ஏற்பு கிடைத்தது. 2019 இல் இதுவே நாட்டின் முதல்நிலைக் கூட்டிணைவு என அறிவிக்கப்பட்டது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது.

சென்னை சிட்டி

சென்னை சிட்டி 2016–17 பருவத்தில் நேரடி நுழைவு மூலம் ஐ-லீக்கில் இடம்பெற்றது. முதல் இரு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே இருந்தது. 2018–19 பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்றுநர் அக்பர் நவாசின் கீழ், எசுப்பானிய வீரர்கள் சிலரையும் தமிழ்நாட்டு இளம் வீரர்களையும் கொண்டு கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தாயகமாகக் கொண்டு ஆடியது. பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார்.

பட்டம் கடைசி நாளில்தான் முடிவானது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாப் அணியை 3–1 என வென்ற சென்னை சிட்டி 43 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. நூற்றாண்டுப் பெருமை கொண்ட ஈஸ்ட் பெங்கால் கழகம் 42 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. அடுத்த மாதம் நடந்த சூப்பர் கோப்பைக் காலிறுதியில், அவ்வாண்டு இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்ற பெங்களூரு கழகத்தைச் சென்னை சிட்டி 2–1 எனத் தோற்கடித்தது. அரையிறுதியில் கோவாவிடம் தோற்றது.

இவ்வெற்றிகளுக்குப் பின்னும் மேல்நிலையில் இடம் கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 2019 இல் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியபோதிலும், அணி கலையத் தொடங்கியது. நெஸ்டர் கோர்டில்லோ ஐதராபாத் கழகத்துக்கும், எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப். சி.க்கும், அஜித் குமார் பெங்களூருக்கும் சென்றனர். மான்சி 2020 இல் சப்பானுக்குச் சென்றார். 2020–21 பருவத்துக்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை. பட்டம் வென்ற இரண்டே ஆண்டுகளில் தேசியக் கூட்டிணைவிலிருந்து அக்கழகம் மறைந்தது.

இந்நிலை சென்னை சிட்டிக்கு மட்டும் உரியதன்று. மிசோரத்தின் ஐசால் கழகம் 2016–17 இலும், கோகுலம் கேரளா 2020–21, 2021–22 பருவங்களிலும் ஐ-லீக்கை வென்றன, அவையும் உயர்த்தப்படவில்லை. 2022 மே மாதம் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையில் கோகுலம் கேரளா, ஏ.டி.கே. மோகன் பகான் அணியைக் கொல்கத்தாவிலேயே 4–2 என வென்றது குறிப்பிடத்தக்கது.

இந்தியன் சூப்பர் லீக்கில் உட்சமநிலை

இக்கூட்டிணைவு தொடக்கத்தில் சமநிலையைப் பேணும் விதிகளைக் கொண்டிருந்தது. உள்நாட்டு வீரர்கள் முதற்பருவத்தில் முறைவைத்துத் தெரிவு செய்யப்பட்டனர். பின்னர் கழக ஊதிய வரம்பு 16.5 கோடி ரூபாயாக அமைந்தது. வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. சென்னையின் எஃப். சி. 2015, 2017–18 ஆகிய பருவங்களில் பட்டம் வென்றது.

2019 இல் மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளரான சிட்டி காற்பந்துக் குழுமம் மும்பை சிட்டியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2020 இல் ஏ.டி.கே. கழகத்தின் உரிமையாளரான ஆர்.பி.-சஞ்சீவ் கோயங்கா குழுமம் மோகன் பகானின் காற்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது. 2020–21 முதல் 2024–25 வரையான ஐந்து பருவங்களில் வழங்கப்பட்ட ஐந்து கோப்பைகள், ஐந்து கேடயங்கள் ஆகிய 10 பட்டங்களுள் எட்டினை இவ்விரு கழகங்களே பகிர்ந்துகொண்டன. எஞ்சிய இரண்டில் ஒன்றை ஐதராபாத்தும் மற்றொன்றை ஜம்சேத்பூரும் வென்றன. ஊதிய வரம்பு இருந்தும் இக்குவிப்பு நிகழ்ந்தது.

ஏற்றமுறை

2019 இல் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி, 2022–23 பருவம் முதல் ஐ-லீக் வாகையாளருக்குப் பங்கேற்புக் கட்டணமின்றி மேல்நிலையில் இடமளிக்கப்பட்டது. ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் முதலில் உயர்ந்தது. 2023–24 பருவத்தை வென்ற முகமதியன் விளையாட்டுக் கழகம் அடுத்து உயர்ந்தது. 2024–25 பட்டம் தொடர்பான வழக்கில், விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2025 சூலையில் இன்டர் காசி கழகத்தை வாகையாளர் என அறிவித்தது. எனினும், 2024–25 வரை எக்கழகமும் இந்தியன் சூப்பர் லீக்கிலிருந்து கீழிறக்கப்படவில்லை.

வீரர் உருவாக்கமும் இழப்பீடும்

வீரர்களை விலைக்கு வாங்க இயலாத கழகங்களுக்கு இளையோர் பயிற்சியே மாற்று வழியாகும். செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரத்தில், ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய எஃப். சி. மெட்ராஸ் உறைவிடப் பயிற்சியகம் இவ்வகையைச் சேர்ந்தது. உயர்தரத் திடல்கள், தங்குமிடம், கல்வி ஆகிய அனைத்துக்கும் பெரும் முதலீடு தேவைப்படுவதால், வீரர் உருவாக்கமும் பணத்தைச் சார்ந்ததாகவே உள்ளது.

பயிற்றுவித்த கழகத்துக்கு ஈடுசெய்யப் பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பு 2001 இல் இருவகை விதிகளை வகுத்தது. முதலாவது, பயிற்சி இழப்பீடு. இரண்டாவது, ஒருமைப்பாட்டுப் பங்கு. இதன்படி, ஒப்பந்தக் காலத்தில் நாடு விட்டு நாடு மாறும் வீரரின் மாற்றுத் தொகையில் 5 விழுக்காடு, அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிரப்படும். ஒப்பந்தம் முடிந்தபின் மாற்றுத் தொகையின்றிச் செல்லும் வீரரால் இப்பங்கு கிடைப்பதில்லை.

மாறுபட்ட கருத்துகள்

இந்தியன் சூப்பர் லீக் முறையை ஆதரிப்போர், ஏற்றமும் இறக்கமும் இல்லாத உறுதியே முதலீட்டாளர்களை ஈர்த்தது என்றும், திடல்கள், ஒளிபரப்பு, வீரர் ஊதியம் ஆகியவை அதனால் மேம்பட்டன என்றும் வாதிடுகின்றனர். எதிர்ப்போர், வென்றாலும் உயர முடியாத நிலையில் சிறுகழகங்களுக்கு ஆதரவாளர்கள் கிடைப்பதில்லை என்கின்றனர்.

முதலீட்டாளரை மட்டும் நம்பியிருப்பதன் இடர் 2025 இல் வெளிப்பட்டது. 2010 ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரில் முடிவுற இருந்தது. புதுப்பிப்புப் பற்றி உடன்பாடு எட்டப்படாததால், வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் இந்தியன் சூப்பர் லீக் அவ்வாண்டு இறுதிவரை தொடங்கவில்லை. செல்வமிக்க கழகங்களும் சிறிய கழகங்களும் ஒருசேரப் பாதிக்கப்பட்டன.

இவற்றையும் பார்க்க

ஐ-லீக்
இந்தியன் சூப்பர் லீக்
சென்னையின் எஃப். சி.
ஊதிய வரம்பு