மருந்தும் நிறையும்: தோட்டா நிரப்பும் தொழிலின் வரலாறு

தமிழில் நோய் தீர்க்க உண்பதும் மருந்து. துப்பாக்கியில் கெட்டிப்பதும் மருந்து. அரபு மொழி வரலாற்றிலும் இதற்கு இணையான செய்தி ஒன்று உண்டு. அந்தலூசியாவின் மாலகா நகரில் பிறந்து, ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் மறைந்த தாவரவியல் பேரறிஞர் இப்னுல் பைத்தார், வெடியுப்பைப் பற்றித் தம் நூலில் குறித்துள்ளார். எகிப்தின் பழைய மருத்துவர்கள் அதனைச் 'சீனப்பனி' என்று அழைத்ததையும், மக்ரிப் நாட்டார் 'பாரூத்' என்று வழங்கியதையும் அவர் பதிவு செய்கிறார். அவருடைய நூல் போர்க்கலை நூலன்று. மருந்துச் சரக்குகளையும் உணவுப் பொருள்களையும் அகர வரிசையில் தொகுத்துரைக்கும் மருத்துவ நூல். பிற்காலத்தில் அரபு, பாரசீகம், துருக்கி, உருது ஆகிய மொழிகள் அனைத்திலும் வெடிமருந்தைக் குறிக்கலாயிற்றே அந்தப் 'பாரூத்' என்னும் சொல், அது மருந்துக் கடையிலிருந்து புறப்பட்டுப் பாசறைக்குள் நுழைந்தது எனலாம்.

மருந்துக்கு உயிர் நிறை. ஒரு மாத்திரை கூடினால் காப்பது கொல்லும். துப்பாக்கி மருந்துக்கும் இதுவே விதி. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மருத்துவர் தரும் குளிகையைப் போலவே தோட்டாவும் மூடிய பொருள். அதனுள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைச் சுடுபவர் காண இயலாது. குறி வைக்கும்போது அவருடைய முகம் அந்த மூடிய பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே நிரப்பிய கையை அவர் நம்பித்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கை எவ்வாறு உருவாயிற்று, எப்போது முறிந்தது, எவ்வாறு அளவுகோல்களுக்குள் கொண்டுவரப்பட்டது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் பொருள்.

கலவையின் நிறை

வெடிமருந்தைச் செவிவழிச் செய்தியாகவன்றி, நிறுத்துச் செய்யும் முறையாக எழுதி வைத்தவர்களுள் சிரியாவைச் சேர்ந்த ஹஸன் அர்ரம்மாஹ் தலையாயவர். மம்லூக் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 694இல் (கி.பி. 1294–95) மறைந்த இவர், குதிரையேற்றத்தையும் போர்க்கருவிகளையும் பற்றிய 'ஃபுரூஸிய்யா' வகை நூலொன்றை இயற்றினார். அந்நூலில் 107 வெடிமருந்துக் கலவைகள் இடம்பெற்றுள்ளன என்பதை அரபு அறிவியல் வரலாற்றறிஞர் அஹ்மத் யூசுஃப் அல்ஹஸன் எடுத்துக்காட்டியுள்ளார்.

எண்ணிக்கையை விட இரு செய்திகள் நம் கருத்தைக் கவர்கின்றன. ஒன்று, கலவைகள் யாவும் நிறையால் சொல்லப்படுகின்றன. கைப்பிடி, சிட்டிகை என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை. மற்றொன்று, வெடியுப்பை மரச்சாம்பலின் துணையால் தூய்மைப்படுத்தும் முறையை அவர் விளக்குகிறார். கலப்புள்ள உப்பு ஈரத்தை உறிஞ்சும். ஈரமுற்ற மருந்து ஒரு நாள் எரியும், மறுநாள் எரியாது. பொருள் தூயதாக இல்லாதபோது நிறை சரியாக இருந்தும் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். நிறை, தூய்மை என்னும் இவ்விரண்டுமே இன்றளவும் இத்தொழிலின் இரு கால்களாக இருக்கின்றன.

காகிதச் சுருள்

தொடக்ககாலத் துப்பாக்கி வீரர் மருந்தை ஒரு கொம்பிலும் குண்டுகளை ஒரு பையிலும் சுமந்தார். போரின் பதற்றத்தில் மருந்தைக் கொட்டும் கை நடுங்கும். அளவு கூடும் அல்லது குறையும். இதனைத் தவிர்க்க, ஒருமுறை சுடுவதற்குரிய மருந்தைத் தனித்தனி மரச்சிமிழ்களில் முன்கூட்டியே அளந்து, தோள்வாரில் தொங்கவிடும் வழக்கம் ஏற்பட்டது. அடுத்த படியாக, அளந்த மருந்தையும் குண்டையும் ஒரே காகிதச் சுருளுக்குள் வைத்துக் கட்டினர். 17ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் படையில் இது பெருவழக்காயிற்று.

தோட்டாவைக் குறிக்கும் அரபுச் சொல்லாகிய 'கர்தூஷா'வும் உருதுவின் 'கார்தூஸ்' என்பதும் ஐரோப்பிய மொழிகளின் வழி வந்தவை. அவற்றின் வேர், காகிதத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லாகிய 'கார்த்தா'. ஆங்கிலேயர் மருந்தை நிறுக்கப் பயன்படுத்திய 'டிராம்' என்னும் அளவும், அரபியரின் 'திர்ஹம்' என்பதும் 'திராக்மா' என்ற ஒரே கிரேக்கச் சொல்லினின்று கிளைத்தவை. அர்ரம்மாஹின் காலத்துத் திர்ஹம், ஆங்கிலேயப் படைக்கலச் சாலையை டிராமாக வந்தடைந்தது.

காகிதச் சுருளால் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுவரை சுடுபவரே அளந்தார். இப்போது அளப்பவர் வேறு, சுடுபவர் வேறு என்றாயிற்று. தோட்டா ஓர் அமானிதப் பொருளாக மாறியது.

1857: முறிந்த நம்பிக்கை

அந்த அமானிதம் முறிந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1853ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு ரைபிளுக்குரிய காகிதத் தோட்டாவில் இரண்டரை டிராம் மருந்து அளந்து வைக்கப்பட்டிருந்தது. குழலுக்குள் எளிதாக இறங்குவதற்காகக் குண்டிருக்கும் முனையில் கொழுப்பு தடவப்பட்டது. சிப்பாய் அச்சுருளைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும்.

1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையிலிருந்து, அக்கொழுப்பு பசுவினுடையதும் பன்றியினுடையதும் என்ற செய்தி பரவிற்று. அரசு விரைந்து செயற்பட்டது. கொழுப்புத் தடவாத தோட்டாக்களை வழங்கவும், சிப்பாய்கள் தாம் விரும்பும் நெய்ப்பொருளைத் தாமே தடவிக்கொள்ளவும் அம்மாத இறுதியிலேயே ஆணை பிறந்தது. கடிப்பதற்கு மாற்றாகக் கையால் கிழிக்கும் முறையும் பின்னர் அனுமதிக்கப்பட்டது. பயன் விளையவில்லை. ஐயம் கொழுப்பிலிருந்து காகிதத்திற்குத் தாவியது. பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19ஆம் காலாட்படை அக்காகிதத்தையே ஐயுற்றது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் குதிரைப்படையின் 90 வீரர்களுக்கு வழங்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. ஆயினும் 85 பேர் அவற்றைத் தொட மறுத்தனர். மே 9 அன்று அவர்களுக்கு அணிவகுப்பின் நடுவே விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் புரட்சி வெடித்தது.

1857இன் காரணங்கள் பல; அவற்றைத் தோட்டா ஒன்றுக்குள் அடக்குவது வரலாறாகாது. ஆயினும், மூடிய பொருளைப் பற்றிய ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால் ஆணையாலும் விளக்கத்தாலும் அதனைத் தீர்க்க முடியாது என்பது அதிலிருந்து தெளிவாகிறது. 'நீயே தடவிக்கொள்' என்ற சலுகை, நம்பிக்கை முறிந்த பிறகே வந்தது.

பித்தளைக் கூடு

அதே 1857ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் உலோகக் கூடுடைய தோட்டாவைச் சுடும் சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1866இல் இங்கிலாந்தின் வுல்லிச் படைக்கலச் சாலையைச் சேர்ந்த எட்வர்டு பாக்ஸரும், அமெரிக்கத் தளபதி ஹைராம் பெர்டனும் தனித்தனியே, தோட்டாவின் அடியில் நடுவே தீமூட்டியை அமைக்கும் முறைகளை வகுத்தனர். 'பிரைமர்' எனப்படும் இச்சிறு மூடியை ஊசி தட்டியதும் தீப்பொறி உள்ளே பாயும். 1857இல் கலகத்திற்கு வித்திட்ட என்ஃபீல்டு துப்பாக்கிகளே பின்னர் ஸ்னைடர் முறைப்படி மாற்றியமைக்கப்பட்டுப் பாக்ஸர் தோட்டாவைச் சுட்டன.

பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை உள்ளது. ஒரு கம்பியை உள்ளே நுழைத்து எரிந்த பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். பெர்டன் முறையில் துளைகள் ஓரத்தில் அமைவதால் இது கடினம். ஆங்கிலேயர் வகுத்த பாக்ஸர் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் வகுத்த பெர்டன் முறை ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் நிலைபெற்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. வீட்டிலேயே தோட்டா நிரப்பும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்ற இதுவும் காரணமாயிற்று. தோட்டா விலையுயர்ந்ததாகவும் கடை தொலைவிலும் இருந்த குடியேற்றப் பகுதிகளில், சுட்ட கூட்டைப் பொறுக்கி மீண்டும் நிரப்புவது வாழ்க்கைத் தேவையாக இருந்தது. 1884இல் ஜான் பார்லோ கனெக்டிகட்டில் தொடங்கிய 'ஐடியல்' நிறுவனம் இதற்கென இடுக்கி வடிவிலான கைக்கருவிகளையும், நிரப்பும் முறைகளைக் கூறும் கையேடுகளையும் வெளியிட்டது. அளக்கும் பொறுப்பு மீண்டும் சுடுபவரின் கைக்கே வந்தது.

புகையில்லா மருந்து

அதே 1884இல் பிரான்சின் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டறிந்தார். தோட்டா நிரப்புவோரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை. பழைய கரிமருந்து கூட்டை ஏறத்தாழ முழுவதும் நிறைத்து நிற்கும். இருமுறை கொட்ட நினைத்தாலும் இடமிராது. அதன் பருமனே அதற்குக் காவலாக இருந்தது. புகையில்லா மருந்தோ ஆற்றலில் பன்மடங்கு வலியது. அதனால் சிறிதளவே போதும். இன்றைய 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவில் பொதுவாக நான்கைந்து கிரெயின் மருந்தே இருக்கும். ஒரு பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு ஒரு கிரெயின். ஆகவே அத்தோட்டாவின் ஆற்றல் முழுவதும் இரண்டு மூன்று குன்றிமணிகளின் எடைக்குள் அடங்கிவிடுகிறது. கூட்டில் பாதி வெற்றிடம். கவனம் பிசகி இருமுறை மருந்து விழுந்தாலும் பல வேளைகளில் அது உள்ளே அடங்கிவிடும். மேலே குண்டை வைத்து மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

கரிமருந்துக்குக் கண்ணளவு ஓரளவு போதுமாயிருந்தது. புகையில்லா மருந்துக்குத் தராசு இன்றியமையாததாயிற்று. பழைய பழக்கத்தில் புதிய மருந்தைக் கூடு நிறையக் கொட்டியவர்களின் துப்பாக்கிகள் வெடித்துச் சிதறின. 1926இல் அமெரிக்க ஆயுத, தோட்டா உற்பத்தியாளர்கள் அரசின் வேண்டுகோளுக்கிணங்க ஒரு தர அமைப்பை நிறுவி, ஒவ்வொரு தோட்டாவுக்கும் உரிய அளவுகளையும் அழுத்த வரம்பையும் வரையறுக்கத் தொடங்கினர்.

ஒரே தோட்டா, இரு கருவிகள்

கைத்துப்பாக்கியும் கார்பைன் எனும் குறுந்துப்பாக்கியும் ஒரே தோட்டாவைச் சுடுவது புதிய கருத்தன்று. வின்செஸ்டரின் 1873ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கிக்கென வந்த .44-40 தோட்டாவைச் சுடும் சுழல் துப்பாக்கியைக் கோல்ட் நிறுவனம் 1878இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே பையிலிருந்து இரண்டையும் நிரப்பலாம். வசதி பெரிது, ஆனால் அதனுள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. 1892ஆம் ஆண்டு வகை வலிமையான துப்பாக்கிக்கென்று பின்னர் வந்த மிகுவேகத் தோட்டாக்கள் பழைய துப்பாக்கிக்குள்ளும் சுழல் துப்பாக்கிக்குள்ளும் தடையின்றி நுழைந்தன. அவற்றால் தாங்கத்தான் முடியாது. துளைக்குள் பொருந்துவதெல்லாம் அத்துப்பாக்கிக்கு ஏற்றதாகிவிடாது.

இன்றைய கார்பைன்களிலும் இச்சிக்கல் தொடர்கிறது. அவற்றுள் பலவற்றில் தோட்டாவின் பின்புறத்தைப் பூட்டு எதுவும் தாங்குவதில்லை. ஓர் உலோகப் பாளத்தின் எடையும் சுருள்வில்லுமே தடுத்து நிற்கின்றன. மருந்து மிகுந்தால் பாளம் முன்கூட்டியே பின்னகர்ந்து, அழுத்தம் தணியாத கூடு கிழியும். நீண்ட குழலில் குண்டின் வேகமும் மாறுவதால், கைத்துப்பாக்கியில் சோதித்த அளவைக் கார்பைனில் தனியே மீண்டும் சோதிக்க வேண்டியுள்ளது.

போட்டிக் களத்தின் தராசு

1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பன்னாட்டுச் செயல்முறைத் துப்பாக்கிப் போட்டிக் கூட்டமைப்பு உருவாயிற்று. இவ்வகைப் போட்டியாளர் பயிற்சியில் எண்ணற்ற தோட்டாக்களைச் செலவிடுவதால் தாமே நிரப்பிக்கொள்வோர் பலர். இப்போட்டிகளில் 'ஆற்றல் எண்' என்றொரு வரையறை உண்டு. குண்டின் எடையைக் கிரெயினிலும், வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் கொண்டு பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். 124 கிரெயின் குண்டு நொடிக்கு 1050 அடி வேகத்தில் சென்றால் ஆற்றல் எண் 130. குறைந்தபட்சம் 125 இருக்க வேண்டும். போட்டித் திடலிலேயே வேகமானியால் சோதிப்பார்கள். அதற்குக் கீழே இறங்கினால் மதிப்பெண் கிடையாது. எனவே போட்டியாளர் துப்பாக்கியின் உதைப்பைக் குறைக்க வரம்பின் விளிம்பை ஒட்டியே நிரப்ப விழைகிறார்.

மேல்வரம்பை எட்ட முயன்றபோது விளைந்தது வேறு. 1980களில் .38 சூப்பர் தோட்டாவில் மருந்தை மிகுதியாக இட்டனர். குழலறையின் அடிப்பகுதியில், சரிவு வெட்டப்பட்ட இடத்தில் ஆதரவின்றி நின்ற பித்தளை கிழிந்து, வெப்பக் காற்று சுடுபவரின் முகத்தில் பாய்ந்தது. அதன் பின்னரே கூட்டை முழுவதும் தாங்கும் குழலறைகள் பரவின.

இவ்வனுபவங்களிலிருந்து திரண்ட விதிகள் எளியவை. மேசைமீது ஒரு நேரத்தில் ஒரு வகை மருந்து மட்டுமே இருத்தல். தெரிந்த எடையை வைத்துத் தராசையே முதலில் சோதித்தல். சோதித்து அச்சிடப்பட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாகவே ஏறுதல். குண்டை வைத்து மூடுமுன் ஒவ்வொரு கூட்டினுள்ளும் வெளிச்சத்தில் பார்த்தல். முழு நீளத்தை அளத்தல். குண்டு சற்றே உள்ளிறங்கினாலும் வெற்றிடம் சுருங்கி அழுத்தம் பெரிதும் உயரும் என்பதால் இக்கடைசி விதி இன்றியமையாதது. மருந்து மிகுதலைப் போலவே குறைதலும் ஆபத்து. மருந்தே விழாத தோட்டாவில் பிரைமரின் விசையால் மட்டும் குண்டு நகர்ந்து குழலின் நடுவே சிக்கும். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் குழல் பிளக்கும். எனவே ஓசை மெலிந்து ஒலித்தால் உடனே நிறுத்திக் குழலைச் சோதிப்பது களத்தின் கட்டாய ஒழுங்கு.

தனிப் பயன்பாட்டுக்காக நிரப்பிக்கொள்ள அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கோருவதில்லை. இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். நம் வாசகர்களுக்கு இது செய்முறைக் கல்வியன்று, வரலாற்றுக் கல்வியே.

அர்ரம்மாஹின் காலத்திலிருந்து இன்றுவரை மருந்தும் மாறியது, கூடும் மாறியது, தீமூட்டும் முறையும் மாறியது. மூடிய பொருளின் உள்ளே இருப்பதை அறியும் வழி மட்டும் மாறவில்லை: மூடுமுன் நிறுக்க வேண்டும், மூடுமுன் காண வேண்டும். மூடிய பின் எஞ்சுவது நம்பிக்கை ஒன்றே. நிறுத்தும் கண்டும் மூடிய கைக்கே அந்நம்பிக்கை உரியது. மீரட்டின் 85 வீரர்கள் அத்தகைய கை ஒன்று தங்களுக்காக இயங்கியது என்று நம்பவில்லை. தன் மேசையில் தானே நிறுத்துத் தானே நிரப்பும் போட்டியாளரிடம், பிறரைக் குறை கூற இடமே இல்லை.