இரட்சிப்பு தோட்டத்துக்கு வந்த கதை

என் சித்தி ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு அம்மாயி சமைக்கல. லயத்துல அடுப்பு எரியாத வீடுன்னா சாவு வீடுன்னு அர்த்தம். அதைத்தான் அவங்க காட்ட நினைச்சிருக்கணும். அதுக்குப் பிறகு ரொம்ப மாசத்துக்கு சித்தி வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி கூட அவங்க குடிக்கல. நான் அப்போ சாதாரண தரப் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு காம்பராவுக்கும் நடுவுல ஒரு சுவர்தான். ஒரு பக்கம் மாரியம்மன் படம், மறு பக்கம் ராத்திரி ஏழு மணி ஜெபம். ரெண்டையும் கேட்டுக்கிட்டே நான் வரலாறு மனப்பாடம் பண்ணினேன். அந்தப் புத்தகத்தில் எங்களைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்ல, அது வேற கதை.

இந்தக் கட்டுரை சித்தியைப் பற்றியது இல்லை. கேம்பஸ் வந்து மலையகத்தைப் பற்றி வாசிக்க ஆரம்பிச்ச பிறகு எனக்கு வந்த ஒரு சந்தேகத்தைப் பற்றியது. 'இரட்சிப்பு', 'மீட்பு' என்ற சொற்கள் எங்க தோட்டங்களுக்கு எப்போ வந்தன? வந்தப்போ, அதைக் கேட்டவங்க காதுல அது என்னவா விழுந்திருக்கும்?

முதல்ல அந்தச் செய்தியை அதன் போக்கிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன்னா எதிர்க்கிறவங்களும் ஆதரிக்கிறவங்களும் இதை ஒழுங்காச் சொல்றதில்ல. மனிதர் எல்லோரும் கடவுளுக்கு முன்னால் பாவத்தால் கடன்பட்டவர்கள். அந்தக் கடனை நற்செயலாலோ நேர்த்தியாலோ அடைக்க முடியாது. இயேசு சிலுவையில் அதை அடைத்துவிட்டார். அதை நம்பி ஏற்பவருக்கு அது இலவசம். ஏற்ற பிறகு அவருடைய வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் உண்டு, ஏனென்றால் அவர் இனி தனக்குச் சொந்தமானவர் இல்லை. சுருக்கம் இவ்வளவுதான். இதில் உள்ள சொற்களைக் கவனிங்க: கடன், அடைப்பது, மீட்பது, சொந்தம். எல்லாமே கொடுக்கல் வாங்கல் சொற்கள். தமிழில் 'மீட்பது' என்றால் முதலில் நினைவுக்கு வருவது அடகுக் கடைதான். பழைய தமிழ் வேதாகமத்தில் இயேசு கற்பித்த ஜெபத்திலும் பாவத்துக்குப் பதில் 'கடன்' என்ற சொல்தான் இருக்கு. மூலக் கிரேக்கச் சொல்லும் அதையே குறிக்கிறது.

இப்போ இதை 1850களின் ஒரு கோப்பித் தோட்டத்தில் வைத்துப் பாருங்க.

1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பிப் பயிர், 1840களில் கண்டிச் சீமை மலைகளெங்கும் பரவியது. ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். தலைமன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடை. காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. வந்து சேர்ந்தவர்கள் முதல் நாளே கடனாளிகள். புறப்படும்போது கங்காணி கொடுத்த முன்பணம், வழிச் செலவு, கம்பளி, அரிசி எல்லாம் அவர்கள் பேரில் எழுதப்பட்டிருக்கும். கங்காணிக்கு ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு. தொழிலாளிக்குக் கையில் வருவதை விட கணக்கில் கழிவதுதான் அதிகம்.

பிறகு துண்டு முறை. இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா என் சந்தேகம் இங்கதான் பிறந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக நினைக்கும் தொழிலாளிக்குத் துரை ஒரு துண்டுக் கடிதம் கொடுப்பார். இவ்வளவு பணம் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று அதில் இருக்கும். புதுத் தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டுவார். பழைய கடன் தீர்ந்தது. ஆனா அதே தொகை புதுத் தோட்டத்துக் கணக்கில் ஏறிவிடும். விடுதலை மாதிரி தெரியும், உண்மையில் எஜமான் மட்டும்தான் மாறியிருப்பார். இந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921இல்.

அதாவது, "உன் கடனை ஒருத்தர் கட்டிட்டார், இனி நீ அவருக்குச் சொந்தம்" என்ற வாக்கியத்தை எங்க ஆட்கள் பிரசங்கத்தில் மட்டும் இல்ல, பெரட்டுக் களத்திலும் கேட்டிருக்காங்க. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது விசுவாசிகளை விலை கொடுத்து வாங்கப்பட்டவர்களாகப் பார்க்கிறார். அடிமைச் சந்தை இருந்த ஊரில் அந்த உவமை எவ்வளவு கூர்மையாக இருந்திருக்குமோ, துண்டு இருந்த ஊரிலும் அவ்வளவு கூர்மையாகவே இருந்திருக்கும். ஆறுதலாகவா, பயமாகவா என்பதுதான் கேள்வி.

பிரசங்கம் முறையாக வந்தது 1854இல். அந்த ஆண்டு கண்டியை மையமாக வைத்து 'தமிழ் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. பெயரைக் கேட்டவுடன் எரிச்சல் வருது, எனக்கும் வந்தது. அது சர்ச் மிஷனரி சொசைட்டி என்ற ஆங்கிலிக்கன் சங்கத்தோடு இணைந்தது. அந்தச் சங்கம் 1818லிருந்தே இலங்கையில் இருந்தது. ஆனால் தோட்டத் தமிழருக்கென்று தனியாக ஒரு மிஷன் வேண்டும் என்ற முயற்சியில் தோட்டத் துரைமாருக்கே பெரிய பங்கு. உபதேசிமாரின் செலவையும் பெரும்பாலும் அவர்களுடைய சந்தாதான் தாங்கியது. பொறுப்பாக வந்த முதல் மிஷனரி செப்டிமஸ் ஹாப்ஸ், முன்பு திருநெல்வேலியில் ஊழியம் செய்தவர். உபதேசிமாரும் திருநெல்வேலியிலிருந்தே வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, காலைப் பெரட்டிலும் மாலை லயத்து வாசலிலும் பேசுவது அவர்கள் வேலை.

துரைமார் ஏன் காசு கொடுத்தாங்க? பக்தி என்று சொன்னால் நம்ப ஆளிருக்கு. கிறிஸ்தவக் கூலி ஓடமாட்டான், குடிக்கமாட்டான், களவெடுக்கமாட்டான் என்ற கணக்கு என்றாலும் நம்ப ஆளிருக்கு. ரெண்டும் ஒரே மனுசனுக்குள்ள இருந்திருக்கலாம். ஆனா ஒண்ணு நிச்சயம்: தன் சம்பளத்தைத் துரை கொடுக்கும்போது, துண்டு முறை பாவம் என்று ஒரு உபதேசியார் பெரட்டுக் களத்தில் நின்று சொல்லியிருக்க முடியாது.

இங்கே திருநெல்வேலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அங்கே 1799இல் முதலூர் உருவானது. மதம் மாறியதற்காக அடிபட்டவர்களுக்கு நிலம் வாங்கி, தனி ஊர் போட்டுக் குடியேற்றினார்கள். அதனால்தான் அந்தப் பெயர், முதல் ஊர். பிறகு மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று வரிசையாக ஊர்கள். அங்கே இரட்சிப்பு என்பது ஆத்துமாவுக்கு மட்டும் இல்ல. ஒரு கிணறு, ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், மேல்சாதிக்காரன் நுழையப் பயப்படும் ஒரு எல்லை, இதெல்லாமும்தான். சாணார் என்று இழிவாக அழைக்கப்பட்டவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள்.

தோட்டத்தில் அது நடக்க வழியே இல்லை. லயம் துரையுடையது. கோயில் கட்டின இடமும் துரையுடையது. வேலை போனால் பத்துச்சீட்டோடு வீடும் போகும். மதம் மாறினவனுக்கு வாங்கிக் கொடுக்க ஒரு அடி நிலம் இல்லை. ஆகவே அதே உபதேசிமார், அதே வசனங்களோடு, கடலைத் தாண்டி வந்தபோது இரட்சிப்பு உள்ளுக்குள் சுருங்கிப் போனது. மனசு மாறலாம், மலை மாறாது. மலையகத் தமிழரில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையாகவே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம்ம ஆட்கள் தங்கள் தெய்வங்களையே தோட்டத்துக்கு ஏற்ற மாதிரி பழக்கிக்கிட்டாங்க. ஃபெக்டரிச் சக்கரத்துக்கு ரோதை முனி, கவ்வாத்துக்குக் கவ்வாத்துச் சாமி. கத்தி காலில் படாமல் காப்பாற்றும் சாமி பக்கத்திலேயே இருக்கும்போது, மறுமையைப் பேசும் சாமிக்கு என்ன அவசரம்?

ஆனால் 'வெறும் ஏமாற்று' என்று முடித்துவிடவும் முடியல. கேம்பஸ்ல அப்படி முடிக்கிற ஆட்கள் நிறைய. எழுதப்படிக்கத் தெரியாத ஒருவனுக்குக் கணக்குப்பிள்ளையின் நோட்டை வாசிக்கிற அளவுக்கு எழுத்து கிடைத்தது, பெரும்பாலும் அந்த உபதேசியார் நடத்திய சின்னப் பள்ளிக்கூடங்களில்தான். ஹட்டனில் ஹைலண்ட்ஸ் கல்லூரி மெதடிஸ்ட் மிஷன் தொடங்கிய பள்ளி. இன்னைக்கு அதில் படித்து வெளியே வந்த தோட்டத்துப் பிள்ளைகளை எண்ணி முடிக்க முடியாது. அதோடு, பெரட்டில் ஒரு எண்ணாக நின்றவனைப் பார்த்து, உன் பெயரைக் கடவுளுக்குத் தெரியும் என்று ஒருவர் வந்து சொல்வது சின்ன விஷயம் இல்லை. அதைச் சொன்னவருக்குச் சம்பளம் யார் கொடுத்தாலும் சரி.

ஒரு தடவை நண்பர்களோட டிக்கோயா வார்லி தேவாலயத்துக்குப் போனேன். 1878இல் துரைமாருக்காகக் கட்டிய கல் கோயில். இப்போ காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்குது, கல்யாண ஃபோட்டோ எடுக்க நல்ல இடம். வளவில் துரைமாரின் கல்லறைகள், பெயரும் ஆண்டும் வெட்டியவை. அங்கிருந்து பொகவந்தலாவை போனால் புனித மரியாள் ஆலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரன் கிடக்கிறார், உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர், 1879இல் இறந்தவர். பக்கத்தில் கணவர் சார்ல்ஸ் ஹே கமரன். பாடப்புத்தகத்தில் நாம மனப்பாடம் பண்ணின கோல்புரூக்–கமரன் சீர்திருத்தத்தின் அதே கமரன்தான். இராஜகாரியத்தை ஒழித்து, தோட்டப் பொருளாதாரத்துக்குக் கதவைத் திறந்த அறிக்கைகளில் ஒரு கை அவருடையது. அவர் பெயர் கல்லில் இருக்கு. அந்தக் கதவு வழியாக வந்தவர்களுடைய பெயர் மன்னார்ப் பாதையில் எங்கேயும் இல்லை. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினை இல்லையாம், கடவுளுக்குக் கல் தேவையில்லை என்று சித்தி சொன்னாங்க. எனக்குத் தேவைப்படுது.

1948இல் குடியுரிமை பறிபோனது, அடுத்த ஆண்டு வாக்குரிமை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம் என்று விட்டார்கள். ஆட்களைச் சாமான் மாதிரி பங்கு போட்ட அந்தக் காலத்தில்தான் இரட்சிப்பு என்ற சொல்லின் அர்த்தம் மறுபடி பெருக்கத் தொடங்கியது. 1958இல் உருவான கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை மே தினத்தில் 'தொழிலாளர் பூசை' நடத்தியது. உழைப்பே காணிக்கைத் தட்டில் ஏறியது. 1972இல் யேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதயத்தைத் தொடங்கினார். சிங்கள, தமிழ் இளைஞர்களை ஒரே வீட்டில் வாழ வைத்தார். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் வந்தது. தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த ஆண்டுகள் அவை. ஒரு பறங்கியர் குடும்பத்துக் கத்தோலிக்கக் குரு, பெரும்பாலும் இந்துக்களான தொழிலாளர்களுக்காகக் குடியுரிமையும் கூலியும் வீடும் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார், 2017இல் இறக்கும் வரை. யாரையும் மதம் மாற்றியதற்காக அவரை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. திருநெல்வேலியில் நிலமாக இருந்து, தோட்டத்தில் மனசுக்குள் சுருங்கிய அந்தச் சொல், அவர் கையில் மறுபடி லயத்துக்கு வெளியே வந்ததாக எனக்குப் படுகிறது.

இப்போ மறுபடி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இன்று லயங்களில் பரவும் ஜெபக்கூட்டங்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன சுயாதீனச் சபைகளுடையவை. கூலியைப் பற்றி அங்கே பேச்சு இல்லை. குடி, நோய், பிள்ளையின் பரீட்சை, பேய் பிடிப்பது, இவைதான். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய்க்கு வர 2021 ஆச்சு. அதுக்காக எந்த ஜெபக்கூட்டமும் வீதிக்கு வந்ததை நான் பார்க்கல. இதை ஒரு நாள் சித்தியிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவங்க கோபப்படல.

"ஒங்க சித்தப்பா எத்தன வருசமாக் குடிச்சாருன்னு ஒனக்குத் தெரியும்தானே புள்ள. யூனியன்காரங்க யாராவது வந்து நிறுத்துனாங்களா?"

பதில் இல்லை என்கிட்ட. சித்தப்பா இப்போ குடிக்கிறதில்ல. சனிக்கிழமை சம்பளம் முழுசா வீட்டுக்கு வருது. மலையில் கொழுந்து பறிக்கிற நேரம் தன்னைப் பற்றி என்ன நினைப்பாங்கன்னு கேட்டேன். "முன்னாடி ஏன் பொறந்தோம்னு நெனைப்பேன். இப்ப ஒரு காரணத்துக்குத்தான் பொறந்திருக்கேன்னு நெனைக்கிறேன்"னாங்க. என்ன காரணம்னு சொல்லத் தெரியல அவங்களுக்கு. சொல்லத் தெரியாததைப் பற்றி அவங்களுக்குக் கவலையும் இல்லை.

2023இல், இருநூறு வருச நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை. பாதிரிமார், பிக்குமார், பூசாரிமார், யூனியன்காரர், மாணவர் எல்லாரும் அந்தப் பழைய பாதையிலேயே நடந்தாங்க. சித்தியைக் கூப்பிட்டேன். மலைக்குப் போகணும், பேர் விழாதுன்னு வரல.

போன லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தப்போ ஒரு புதன்கிழமை சாயங்காலம், சித்தி வீட்டுல ஜெபம் நடந்துக்கிட்டிருந்துச்சு. நுண்கடன் வசூலிக்கிறவர் மோட்டர்சைக்கிள்ல வந்து வாசல்ல நின்னார். அண்ணன் பரீட்சை எழுத வாங்கின கடன், வாராவாரம் கட்டணும். உள்ளே அவங்க அந்தப் பழைய வேதாகம ஜெபத்தைச் சொல்லிக்கிட்டிருந்தாங்க, கடனை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற இடம். வெளியே அவர் நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு, ஆமென் சொல்லி முடியட்டும்னு காத்துக்கிட்டிருந்தார். அம்மாயி எழுந்து போய் அவருக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டாங்க. அப்புறம் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சித்திக்குத் தெரியாம அந்த வாரத் தவணையைக் கட்டினாங்க.