மறையூர் - உடுமலைப்பேட்டை, மூணாறு: தூரம் எவ்வளவு? பயண நேரம் எவ்வளவு?

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் வடக்கு எல்லையில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது மறையூர். சந்தனக் காடுகளுக்கும், 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்துக்கும் பெயர் பெற்ற இவ்வூர், மூணாறு - உடுமலைப்பேட்டை சாலையின் ஏறத்தாழ நடுவே உள்ளது.

சாலை வழி தூரம்

மறையூரில் இருந்து தெற்கே மூணாறு சுமார் 40 கி.மீ. தூரத்திலும், வடக்கே திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டை சுமார் 45 கி.மீ. தூரத்திலும் உள்ளன. இரு ஊர்களுக்கும் காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும், பேருந்தில் சற்றுக் கூடுதலாகவும் ஆகும். மூணாறு வழியில் தேயிலைத் தோட்ட வளைவுகளும், சுற்றுலாப் பருவத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவின் நுழைவாயிலான ராஜமலைப் பகுதியில் ஏற்படும் நெரிசலும் நேரத்தைக் கூட்டுகின்றன.

காட்டின் ஊடே செல்லும் பாதை

உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில் சுமார் 16 கி.மீ. தூரம் சின்னார் வனவிலங்கு சரணாலயத்தின் ஊடே செல்கிறது. மாநில எல்லையைக் கடந்ததும் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் அமராவதி வனப்பகுதி தொடங்குகிறது. யானைகள் சாலையைக் கடக்கும்போது, அவை விலகும்வரை வாகனங்கள் காத்திருக்க வேண்டும். அங்கு ஒலிப்பானை அழுத்துவதும், இறங்கிப் படம் எடுப்பதும் ஆபத்தானவை. மாலைக்குப் பின் புறப்படுவோர், இரு மாநில வனச் சோதனைச் சாவடிகளின் நேரக் கட்டுப்பாடுகளை முன்கூட்டியே கேட்டறிவது அவசியம்.

வரைபடத்தில் அருகில், சாலையில் தொலைவில்

கோவை மாவட்டத்தின் வால்பாறை, மறையூரில் இருந்து நேர்கோட்டில் 25 கி.மீ.க்கும் குறைவான தூரத்திலேயே உள்ளது. ஆனால், இடையே ஆனைமலைத் தொடரின் காடுகள் இருப்பதால் நேரடிச் சாலை இல்லை. உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 135 கி.மீ. சுற்றியே செல்ல வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்துக்கும் இதே நிலைதான். கேரளத்தின் பகுதியாக இருந்தும், தமிழகத்தின் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே வாகனங்கள் அங்குச் செல்கின்றன.

ரயில், விமான நிலையம்

மறையூருக்கு அருகில் உள்ள ரயில் நிலையம், திண்டுக்கல் - பொள்ளாச்சி பாதையில் அமைந்த உடுமலைப்பேட்டை ஆகும். கோவை விமான நிலையம் சுமார் 115 கி.மீ. தூரத்திலும், மூணாறு வழியாகச் சென்றால் கொச்சி விமான நிலையம் சுமார் 150 கி.மீ. தூரத்திலும் உள்ளன.

நேரம் ஏன் முக்கியம்?

சுற்றுலாப் பயணிக்கு ஒரு மணி நேரத் தாமதம் சிறு தொந்தரவு மட்டுமே. மறையூர், காந்தளூர் மக்களுக்கோ இது அன்றாடத் தேவை சார்ந்தது. காய்கறி விற்கவும், அவசர சிகிச்சைக்கும் சமவெளிக்கு இறங்குவோர் இந்தக் காட்டுச் சாலையையே நம்பியுள்ளனர். எனவே, இங்குப் பயணத்தைத் திட்டமிடுவோர் கிலோமீட்டரை மட்டும் கணக்கிடாமல், புறப்படும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பகல் வெளிச்சத்திலேயே வனப்பகுதியைக் கடக்கும் வகையில், கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குவது பாதுகாப்பானது.