அஸ்வான் பேரணையும் நூபிய மக்களும்

எகிப்து நாட்டின் நிலப்படத்தை நோக்குவோர்க்கு ஓர் உண்மை உடனே விளங்கும். பரந்த பாலைவனத்தின் நடுவே, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒரு பச்சைக் கோடு ஓடுகிறது. அக்கோடே நைல் ஆறு. மழை அரிதாகிய அந்நாட்டில் மக்கள் உழுது பயிரிட்டதும், நகர் அமைத்து வாழ்ந்ததும் அவ்வாற்றின் நீராலும் வண்டலாலுமே ஆகும். எத்தியோப்பிய மலைநாட்டில் பெய்யும் கோடைமழை, ஆகஸ்டு, செப்டம்பர் திங்கள்களில் எகிப்தில் பெருவெள்ளமாகப் பாயும். வெள்ளம் வடிந்தபின் வயல்களில் கரிய வண்டல் படிந்திருக்கும். அவ்வண்டலில் உழவர் விதைப்பர். ஐயாயிரம் ஆண்டுகளாக அந்நாட்டின் வேளாண்மை இம்முறையிலேயே நடந்தது.

ஆயினும் ஆறு எந்நாளும் அளவோடு பெருகியதில்லை. வெள்ளம் மிகுந்த ஆண்டில் ஊர்கள் அழிந்தன. குறைந்த ஆண்டில் பஞ்சம் வந்தது. ஆகவே, ஆற்றைத் தடுத்து நீரைத் தேக்கிவைக்க வேண்டும் என்னும் எண்ணம் ஆட்சியாளர்க்குத் தோன்றியது இயல்பே. அவ்வெண்ணம் அஸ்வானில் பேரணையாக உருப்பெற்ற வரலாற்றுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, அணையால் நாடு பெற்ற நன்மைகளின் கணக்கு. மற்றொன்று, அணைக்காகத் தம் மண்ணை இழந்த நூபிய மக்களின் கணக்கு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி அவ்வணையின் வரலாறு முழுமை பெறாது.

நூபிய நாடு

அஸ்வான் நகருக்குத் தெற்கே தொடங்கிச் சூடானின் வடபகுதி வரை நைல் ஆற்றின் இருகரையிலும் நீண்டு கிடந்த நிலப்பகுதியே நூபியா. அங்கு வாழ்ந்தோர் தமக்கெனத் தனிமொழிகள் உடையோர். பழம்பெரும் அரசுகளை அமைத்து ஆண்டவர்களின் வழிவந்தோர். பாலைவனம் கரையை நெருக்கியதால் அவர்களுக்குக் கிடைத்த விளைநிலம் மிகக் குறுகியது. அந்நிலத்தில் தானியம் விளைவித்தனர். பேரீச்சை மரங்களை வளர்த்தனர். மண்ணால் எழுப்பிய தம் அகன்ற வீடுகளின் சுவர்களில் வண்ண ஓவியம் தீட்டியும், பீங்கான் தட்டுகளைப் பதித்தும் அழகு செய்தனர். வீடுகளின் வாயில்கள் பெரும்பாலும் ஆற்றை நோக்கியே இருந்தன. பிறப்பு, திருமணம் முதலிய சடங்குகள் யாவும் ஆற்றோடு இணைந்திருந்தன.

மும்முறை உயர்ந்த முதல் அணை

நூபியரின் இடர் பேரணையோடு தொடங்கியதன்று. ஆங்கிலேயர் எகிப்தைத் தம் ஆதிக்கத்தில் வைத்திருந்த காலத்தில், 1898-ஆம் ஆண்டு அஸ்வானில் ஓர் அணையைக் கட்டத் தொடங்கி 1902-இல் முடித்தனர். கோடையிலும் பாசனநீர் கிடைத்தால் பருத்தி விளைச்சல் பெருகும் என்பது அவர்தம் நோக்கம். தேங்கிய நீர் தெற்கே நூபியரின் வயல்களில் ஏறியது. அவ்வணை போதாதென்று 1907 முதல் 1912 வரையிலும், மீண்டும் 1929 முதல் 1933 வரையிலும் அதன் உயரத்தைக் கூட்டினர். ஒவ்வொரு முறையும் வயல்களும் பேரீச்சந்தோப்புகளும் நீரில் ஆழ்ந்தன. மக்கள் தம் வீடுகளை விட்டுக் கரையின் மேட்டுப்பகுதிக்கு ஏறிப் புதிய வீடுகள் கட்டிக்கொண்டனர்.

வீடுகளை மேட்டில் கட்ட முடிந்தது. வயல்களை மேட்டுக்குக் கொண்டுசெல்ல முடியவில்லை. பிழைப்பு நாடி ஆடவர் கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் சென்று சமையற்காரராகவும் வாயிற்காவலராகவும் வீட்டுப் பணியாளராகவும் உழைத்தனர். ஊர்களில் பெண்டிரும் முதியோரும் சிறுவருமே எஞ்சினர். அவ்வணையின் நீர் வடக்கே பருத்தியை வளர்த்தது. தெற்கே ஊர்களை வெறுமையாக்கியது.

பேரணையின் பிறப்பு

1952-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் எகிப்தின் நிலை மாறியது. பெருகிவரும் மக்களுக்கு உணவும் தொழிலும் வேண்டும் எனக் கருதிய புதிய அரசு, ஆண்டு முழுவதற்கும் மட்டுமன்றிப் பல ஆண்டுகளுக்கும் நீரைச் சேமிக்கவல்ல பேரணை ஒன்றைத் திட்டமிட்டது. பொருளுதவி செய்ய முன்வந்த அமெரிக்கா 1956-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பின்வாங்கியது. பிரிட்டனும் உலக வங்கியும் அதனைப் பின்பற்றின. அதற்கு விடையாக, அத்திங்கள் 26-ஆம் நாள் அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அதன் விளைவாகப் பிரிட்டன், பிரான்சு, இஸ்ரேல் ஆகிய மூன்றும் அவ்வாண்டிலேயே எகிப்தின்மீது படையெடுத்தன. அன்றுமுதல் அணை வெறும் பாசனத் திட்டமாக இருக்கவில்லை. நாட்டின் தன்மானத்தின் சின்னமாகவே மாறிவிட்டது. அத்தகைய சின்னத்தை மறுத்துப் பேசச் சிறுபான்மையினரான நூபியரால் எவ்வாறு இயலும்?

சோவியத்து ஒன்றியம் 1958-இல் உதவ ஒப்புக்கொண்டது. 1960-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் தொடங்கிய பணி 1970-இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளமும் 111 மீட்டர் உயரமும் உடையது அவ்வணை. அதன்பின் தேங்கிய ஏரி தெற்கு நோக்கி 500 கிலோமீட்டர் வரை பரந்தது. அணையிலுள்ள 12 மின்னாக்கி எந்திரங்களின் மொத்த ஆற்றல் 2,100 மெகாவாட் ஆகும்.

அணையால் விளைந்த நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. 1970-களின் நடுவில் எகிப்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அங்கிருந்தே கிடைத்தது. எண்ணற்ற சிற்றூர்களில் விளக்கெரிந்தது. 1980-களில் எத்தியோப்பியாவில் மழை பொய்த்துப் பஞ்சம் தாக்கியபோது, ஏரியில் சேமித்த நீரே எகிப்தைக் காத்தது. 1988-இல் பெருவெள்ளம் வந்தபோதும் ஏரி அதனை ஏற்றுக்கொண்டது.

கோயில்களும் குடிகளும்

ஏரியில் மூழ்கவிருந்தவை ஊர்கள் மட்டுமல்ல, பழங்கோயில்களும் மூழ்கவிருந்தன. அவற்றைக் காக்குமாறு 1960-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் யுனெஸ்கோ உலக நாடுகளை வேண்டியது. ஏறத்தாழ 50 நாடுகள் உதவின. இரண்டாம் ராம்சேசு மன்னன் குன்றைக் குடைந்து அமைத்த அபு சிம்பெல் கோயில்கள், 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுக்கப்பட்டு, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. உதவிய நாடுகளுக்குச் சிறு கோயில்கள் அன்பளிப்பாயின. டெண்டூர் கோயில் நியூயார்க் நகருக்கும், டெபோட் கோயில் மட்ரிட் நகருக்கும் சென்றன. மனித இனத்தின் ஒற்றுமைக்கு அது ஒரு பெருஞ்சான்று என்பதில் ஐயமில்லை.

அதே ஆண்டுகளில் அக்கோயில்களின் நிழலில் வாழ்ந்த மக்கள் என்னவாயினர்? 1963-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1964-ஆம் ஆண்டு ஜூன் வரை, எகிப்திய நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் படகுகளிலும் வண்டிகளிலும் ஏற்றப்பட்டு, அஸ்வானுக்கு வடக்கே கொம் ஓம்போ சமவெளிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு அவர்கட்கென வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட நெருக்கமான வீடுகள் பல இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆறு கண்ணுக்கெட்டாத் தொலைவில் இருந்தது. முதலாண்டில் குழந்தைகளும் முதியோரும் பலர் மாண்டனர். புதிய ஊர்களுக்குப் பழைய ஊர்களின் பெயர்களையே சூட்டி மக்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டனர்.

சூடானில் வாடி ஹல்ஃபா நகரமும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் மூழ்கின. அங்கும் ஏறத்தாழ 50,000 பேர் இடம்பெயர நேர்ந்தது. 1964-ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் தொடர்வண்டி புறப்பட்டது. மக்கள் முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்று விடைபெற்ற பின்னரே வண்டி ஏறினர். அவர்கள் சேர்ந்த இடம் நைல் கரையன்று; கிழக்கே அத்பாரா ஆற்றங்கரையிலுள்ள கஷ்ம் எல் கிர்பா. மழையை அரிதாகவே கண்ட அம்மக்கள் இடியோடு கூடிய பெருமழையில் வாழப் பழக வேண்டியதாயிற்று. அங்கும் பாசனத்துக்கென ஓர் அணை கட்டப்பட்டிருந்தது. சில பத்தாண்டுகளுக்குள் அதன் கொள்ளளவில் பாதியளவை வண்டல் நிரப்பிவிட்டது. ஓர் அணையால் ஊரிழந்த மக்களின் வயல்கள் மற்றோர் அணையின் குறையால் நீரின்றி வாடின. செல்ல மறுத்த சிலரோ, நீர் ஏற ஏறக் குடில்களைப் பின்னுக்கு நகர்த்தி நகர்த்தி வாடி ஹல்ஃபாவிலேயே தங்கிவிட்டனர்.

ஆறு செலுத்திய விலை

மக்களைப் போன்றே ஆறும் விலை செலுத்தியது. ஆண்டுதோறும் பத்துக் கோடி டன்னுக்கு மேற்பட்ட வண்டலைச் சுமந்துவந்த நைல், இன்று அதில் பெரும்பகுதியை ஏரியின் அடியில் விட்டுவிட்டுத் தெளிந்த நீராகவே வெளியேறுகிறது. இலவசமாகக் கிடைத்த உரத்துக்கு மாற்றாக உழவர் செயற்கை உரத்தை விலைகொடுத்து வாங்குகின்றனர். வண்டல் வந்து சேராமையால், ஏற்கெனவே தேயத் தொடங்கியிருந்த ரொசெட்டா முனையின் கடற்கரை மேலும் விரைவாக அரிக்கப்பட்டது. வெள்ளநீர் கொண்டுவந்த ஊட்டத்தை நம்பிப் பெருகிய மத்தி மீன், 1960-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 18,000 டன் அளவில் கிடைத்தது; அப்பத்தாண்டின் இறுதியில் ஆயிரம் டன்னும் கிடைக்கவில்லை. அது ஓரளவு மீளப் பல ஆண்டுகள் ஆயின. ஓயாப் பாசனத்தால் நிலத்தடி நீர் உயர்ந்து வயல்களில் உப்புப் பூத்தது. அதனை வடிக்க நிலத்துக்கடியில் குழாய்கள் பதிக்க வேண்டியதாயிற்று.

1959-ஆம் ஆண்டு எகிப்தும் சூடானும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே இவ்விலையின் ஒரு பகுதி எழுதப்பட்டுள்ளது. ஆண்டுக்கு 8,400 கோடி கனமீட்டர் எனக் கணக்கிட்ட ஆற்றுநீரில் எகிப்துக்கு 5,550 கோடியும் சூடானுக்கு 1,850 கோடியும் ஒதுக்கினர். எஞ்சிய 1,000 கோடி கனமீட்டர் ஏரியில் ஆவியாகவும் கசிந்தும் இழக்கப்படும் எனக் கொண்டனர். நீரின் இழப்பைக் கணக்கிட்டவர்கள் மண்ணின் இழப்பையும் மனத்தின் இழப்பையும் கணக்கில் சேர்க்கவில்லை.

நிலுவையில் நிற்கும் கடன்

அந்த இழப்பு உண்மையானது என்பதை எகிப்து அரசே பின்னாளில் ஏற்றது. 2014-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 236-ஆம் பிரிவு, பத்தாண்டுகளுக்குள் நூபியரை அவர்தம் பூர்வீகப் பகுதிகளுக்கு மீட்டுக் கொணர்ந்து அப்பகுதிகளை மேம்படுத்த வழிசெய்வதாக உறுதி கூறியது. அக்கெடு 2024-இல் கடந்தது; உறுதிமொழி நிறைவேறவில்லை. இதனிடையே, ஒரு காலத்தில் நாட்டின் மின்தேவையில் பாதியைத் தாங்கிய அணை, தேவை பன்மடங்கு பெருகிவிட்டமையால், இன்று பத்தில் ஒரு பங்கையும் அளிப்பதில்லை. மின்சாரத்தின் பங்கு சுருங்கிவிட்டது. ஊரிழந்தோரின் துயரமோ பேரன், பேத்தியர் காலத்திலும் சுருங்கவில்லை.

அணை கட்டியது சரியா, தவறா என ஒரு சொல்லில் தீர்ப்புரைத்தல் எளிதன்று. பஞ்சத்தினின்று பிழைத்தோரின் உயிரும் மதிப்புடையது. ஊரிழந்தோரின் வாழ்வும் மதிப்புடையது. ஆனால் நன்மை ஒரு சாராரைச் சேர, அதன் விலையை மற்றொரு சாராரே மீண்டும் மீண்டும் செலுத்தினர் என்பது நூபியரின் வரலாற்றால் தெளிவாகிறது. கோயிற் கற்களுக்கு எண்ணிட்டு, அறுத்த துண்டு ஒன்றும் இடம் மாறாமல் அடுக்குவதற்கு உலகுக்கு அறிவும் பொருளும் இருந்தன. அதே கருத்தோடு மக்களின் வீட்டையும் வயலையும் உறவையும் பேணியிருக்கவும் அவை போதுமாயிருந்தன. எங்கேனும் ஓர் ஆற்றின் குறுக்கே அணை எழும்பும்போது, அது எத்தனை மெகாவாட் தரும் என்று வினவுவதோடு, யார் எழுந்து செல்ல நேரும், அவர் எங்குச் சென்று எவ்வாறு வாழ்வார் என்றும் வினவுதல் வரலாறு கற்றோர் கடமையாகும்.