மண்ணால் எழுந்த ஜென்னே நகரம்

மண்சுவர் என்றவுடன் வறுமையின் அடையாளம் என்று கருதுவோர் பலர். சிமெண்டும் தகரக் கூரையும் பரவிய பின்னர் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது. மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டிலுள்ள ஜென்னே நகரின் வரலாற்றை அறிந்தோர் இக்கருத்தை ஏற்கமாட்டார்.

பானி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் அமைந்தது ஜென்னே. அதன் அருகிலுள்ள ஜென்னே-ஜெனோ என்னும் மேட்டை 1977ஆம் ஆண்டில் அகழ்ந்த ரோடரிக் மெக்கின்டாஷ், சூசன் மெக்கின்டாஷ் என்னும் ஆய்வாளர், கி.மு. 3ஆம் நூற்றாண்டளவிலேயே அங்கு மக்கள் குடியேறியிருந்தனர் என்று கண்டனர். கல் அரிதான அந்நிலத்தில் வண்டல் மண்ணே கட்டடப் பொருளாயிற்று.

மண்ணின் குணம்

ஆற்றோர மண்ணை நீர்விட்டுக் குழைத்து, உமி சேர்த்து, பல நாள் புளிக்க விடுவர். முன்னாளில் கையாலேயே உருளை வடிவில் கற்கள் செய்து, சுடாமல் வெயிலில் உலர்த்தினர். அச்சில் வார்த்த நீள்சதுரக் கற்கள் 20ஆம் நூற்றாண்டிலேயே பரவின.

அந்நாட்டில் பகல் நெருப்பாய்க் காயும். உலர்ந்த பருவத்தில் இரவு தணியும். தடித்த மண்சுவர் வெப்பத்தை மெல்ல உள்வாங்கும். பகலின் சூடு சுவரைக் கடந்து உள்ளே வருமுன் மாலையாகிவிடும். ஆதலின் உச்சி வேளையிலும் வீட்டினுள் குளிர்ச்சி நிலவும். இரவில் மக்கள் மொட்டைமாடியில் உறங்குவதும் உண்டு. தகரக் கூரைக்கு இக்குணம் இல்லை. வெயில் ஏறியவுடன் அறையும் கொதிக்கும்.

மண் எங்கும் ஒரே வடிவில் பயன்படுவதன்று. மழை மிகுந்த தெற்கே, கானா நாட்டின் அசாந்தி மக்கள் தம் மண்சுவர்களைச் சரிவான ஓலைக் கூரைகளால் காத்தனர். மழை குறைந்த ஜென்னேயிலோ தட்டையான மண் கூரை போதுமாயிற்று. கூரை நீரைச் சுவரில் படாமல் தள்ளி வடிக்கச் சுடுமண் தூம்புகளைப் பதித்தனர்.

தூம்பு அடைபட்ட கதை

அத்தூம்புகளின் அருமையை வரலாறே காட்டுகிறது. 1818ஆம் ஆண்டையொட்டி ஜென்னேயைக் கைப்பற்றினார் மாசினா அரசை நிறுவிய சேக்கு அமாது. பழைய பெரிய பள்ளிவாசல் அவர் கொள்கைக்கு ஒவ்வாத ஆடம்பரமாய்த் தோன்றியது. இறைவனின் இல்லத்தை இடிப்பது முறையன்று என்பதால், அதன் தூம்புகளை மட்டும் அடைக்கச் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. எஞ்சியதை மழை முடித்தது. 1828இல் அங்குச் சென்ற பிரெஞ்சுப் பயணி ரெனே கையே, கைவிடப்பட்ட அக்கட்டடத்தில் ஆயிரக்கணக்கான தகைவிலான் குருவிகள் கூடு கட்டியிருந்ததைக் கண்டு எழுதினார்.

இன்றுள்ள பள்ளிவாசல், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா திராவோரேயின் மேற்பார்வையில் எழுந்து 1907இல் நிறைவுற்றது. அதன் சுவர்களில் வரிசையாய் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகள், நம் பனையின் இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பனையின் மரம். அவை அழகுக்கு மட்டுமல்ல. சுவர் பூசுவோர் ஏறி நிற்கும் சாரமும் அவையே.

காக்கும் கைகள்

ஆண்டுதோறும் மழைக்கு முன் ஊரே திரண்டு பள்ளிவாசலுக்குச் சேறு பூசும். சிறுவர் சேற்றை மிதிப்பர். பெண்டிர் நீர் சுமப்பர். கொத்தனார் சாரமேறிப் பூசுவர். வீடுகளுக்கும் வழிவழியாகத் தத்தம் கொத்தனார் குடும்பங்கள் உண்டு. வீட்டின் பழுதும் சுவரின் வரலாறும் அறிந்த மருத்துவர் அவர்களே எனலாம்.

இவ்வேற்பாடு தளர்ந்தால் மண் தாங்காது. 2009 நவம்பரில் பெருமழைக்குப் பின் ஒரு கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. ஆண்டுச் செலவுக்கு அஞ்சிச் சிலர் வீட்டுச் சுவருக்குச் சிமெண்டோ சுடுமண் ஓடோ போர்த்துகின்றனர். மண் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. போர்வையின் பின் ஈரம் தங்கினால், வெளியே தெரியாமலே சுவர் உளுத்துப்போகும்.

1988இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்ட ஜென்னே, 2016இல் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. நாட்டின் அமைதியின்மையும் கட்டடங்களின் சிதைவும் அதற்குக் காரணங்களாயின. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர். ஜென்னேயில் சுவர் இருப்பதற்கே ஆண்டுதோறும் பூசும் கைகள் வேண்டும். பட்டியல்களும் நிதியும் துணை செய்யலாம். கொத்தனாரின் மகன் கரணையை ஏந்தினாலன்றி அந்நகர் நிலைபெறாது.