எழுதாமல் விட்ட ஒரு பிரிவு: ஹென்றி மெக்நீல் டர்னரும் 1868ஆம் ஆண்டு ஜார்ஜியா வெளியேற்றமும்

1868 செப்டம்பர் 3 அன்று அட்லாண்டாவில் கூடிய ஜார்ஜியா மாநிலப் பிரதிநிதிகள் அவை, வாக்காளர்கள் முறைப்படி தேர்ந்தெடுத்து அனுப்பிய கறுப்பின உறுப்பினர்களை, அவர்கள் கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக 83க்கு 23 என்ற வாக்குக் கணக்கில் வெளியேற்றியது. சில நாட்களில் மாநில செனட்டும் அவ்வாறே செய்தது. வெளியேற்றப்பட்டவர்களில் முன்னணியில் நின்றவர் மேக்கன் நகரம் அடங்கிய பிப் கவுண்டியின் உறுப்பினர் ஹென்றி மெக்நீல் டர்னர். இந்நிகழ்வை நிறவெறியின் வெளிப்பாடு என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். வெறுப்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் போரில் தோற்று, மைய அரசின் கண்காணிப்பில் இருந்த ஒரு மாநிலத்தில் வெறுப்பு மட்டும் போதாது. அதற்குச் சட்டத்தில் ஒரு வழி வேண்டும். அந்த வழி, அவ்வாண்டு மார்ச்சில் நிறைவுற்ற அரசமைப்பு மாநாட்டிலேயே திறந்து விடப்பட்டது என்பதும், டர்னரின் அரசியல் வாழ்வை அந்த இடத்திலிருந்து படித்தால்தான் அது விளங்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

டர்னர் 1834இல் தென் கரோலினாவில், அடிமையல்லாத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அடிமைகளுக்கு மட்டுமல்லாமல் சுதந்திரமான கறுப்பினத்தவருக்கும் எழுத்தறிவிப்பதை அம்மாநிலம் சட்டமியற்றித் தடுத்தது அதே ஆண்டில்தான். அபெவில் ஊரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்தபோது அங்கிருந்தவர்கள் தடையை மீறி அவருக்குக் கற்பித்தார்கள். பின்னர் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையின் போதகரானார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவொன்றின் குருவாகப் பணியாற்றினார். போர் முடிந்ததும் ஜார்ஜியாவுக்கு வந்து, திருச்சபையையும் குடியரசுக் கட்சியையும் ஒருசேரக் கட்டி எழுப்பினார். அவருடைய செல்வாக்கின் வேர் இந்த இரட்டை வேலையில் இருந்தது.

1867 டிசம்பரில் தொடங்கிய அரசமைப்பு மாநாட்டில் டர்னர் காட்டிய முகம் பலருக்கு வியப்பளிக்கும். தோற்றுப்போன தென் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிசுக்கு மன்னிப்பு வழங்க வேண்டும் என்று அவர் குரல் கொடுத்தார். பழைய எஜமானர்களிடம் பெருந்தன்மையாக நடந்துகொண்டால் அவர்களும் அவ்வாறே நடந்துகொள்வார்கள் என்று நம்பினார். இதே மனநிலை நிலவிய அவையில்தான், வாக்குரிமை உள்ளவர் எவரும் பதவி வகிக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறிய பிரிவு வரைவிலிருந்து நீக்கப்பட்டது. கறுப்பினப் பிரதிநிதிகளில் பெரும்பாலோரும் அதற்கு இணங்கினார்கள். மாநிலத்தில் நடைமுறையிலிருந்த இர்வின் சட்டத் தொகுப்பு குடிமக்களின் உரிமைகளில் பதவி வகிப்பதையும் சேர்த்திருந்ததால், தனியே எழுதத் தேவையில்லை என்ற சமாதானம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் போர்க்கால ஆளுநராக இருந்து பின்னர் குடியரசுக் கட்சிக்கு மாறிய ஜோசப் பிரவுன், அரசமைப்புக்கு வெள்ளையரின் ஆதரவைத் திரட்டிய கூட்டங்களில் வேறு விளக்கம் சொன்னார்: வாக்களிக்கும் உரிமை ஒன்று, பதவி வகிக்கும் உரிமை வேறொன்று, கறுப்பினத்தவருக்கு இந்த ஆவணம் கொடுப்பது முதலாவதை மட்டுமே. ஒரே ஆவணத்தை இரு தரப்பினரும் எதிரெதிர்ப் பொருளில் ஏற்றார்கள்.

அதன் பிறகு நடந்தவற்றின் வரிசை முக்கியமானது. ஜூலை 21 அன்று ஜார்ஜியா சட்டமன்றம் அமெரிக்க அரசமைப்பின் பதினான்காம் திருத்தத்தை ஏற்றது. மாநிலம் ஒன்றியத்தில் மீண்டும் சேர அதுவே நிபந்தனை. அந்த வாக்கெடுப்பில் கறுப்பின உறுப்பினர்களின் தகுதி ஒரு தடையாக இருக்கவில்லை. நிபந்தனை நிறைவேறி இராணுவ ஆட்சி விலகியபின், ஆறு வாரங்களில் அதே உறுப்பினர்கள் தகுதியற்றவர்கள் ஆனார்கள். அவர்களிடம் தோற்றவர்களை அழைத்து அந்த இருக்கைகளில் அமர்த்தினார்கள். தன்னை வெள்ளையருக்கு வளைந்து கொடுப்பவன் என்று சொந்த மக்களே குறை கூறியதை டர்னர் அன்றைய உரையில் நினைவுபடுத்தினார். கெஞ்ச மறுத்து, தன் மனிதத் தன்மையையே அவை விசாரிக்கிறது என்று சாடினார். சொல்லாற்றலுக்காகப் புகழப்படும் அந்த உரையைத் தன் சமரச அரசியலுக்கு அவரே எழுதிய முடிவுரையாகவும் படிக்க வேண்டும்.

எந்தப் பிரிவை எழுதியிருந்தாலும் வன்முறை அதை முறியடித்திருக்கும் என்று மறுப்பவர்கள் உண்டு. வெளியேற்றம் நடந்து இரண்டு வாரங்களில், செப்டம்பர் 19 அன்று, கமில்லா ஊரில் ஓர் அரசியல் கூட்டத்துக்குச் சென்ற கறுப்பின மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அவர்கள் சான்றாகக் காட்டலாம். மறுப்பில் வலு இருக்கிறது. ஆயினும் சட்டமன்றத்துக்குள் நடந்தது வேறு. எட்டில் ஒரு பங்கு ஆப்பிரிக்க இரத்தம் இருந்தால் கறுப்பினத்தவர் என்பது அன்றைய சட்ட வரையறை. வெளிர் நிறத்தவரான நான்கு உறுப்பினர்களைக் குழு அமைத்து விசாரித்தார்கள். அந்த எட்டில் ஒரு பங்கை நிறுவ முடியாததால் அவர்களை விட்டுவிட்டார்கள். துப்பாக்கியை மட்டும் நம்பியவர்கள் பரம்பரைக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். சட்ட வடிவம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. எழுதப்படாத பிரிவு அதைக் கொடுத்தது.

இதற்கு இன்னும் உறுதியான சான்று 1869இல் கிடைக்கிறது. சவானாவில் நீதிமன்ற எழுத்தர் பதவிக்குத் தேர்வான ரிச்சர்ட் ஒயிட் என்பவரின் தகுதி கேள்விக்குள்ளானபோது, கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி வேறு யாருமல்ல, அதே ஜோசப் பிரவுன். இர்வின் தொகுப்பின் குடிமக்கள் உரிமைப் பட்டியலையே அவர் ஆதாரமாகக் கொண்டார். மாநாட்டில் கறுப்பினப் பிரதிநிதிகள் நம்பிய வாதம் சட்டப்படி சரியானது என்பது இதனால் தெளிவாகிறது. ஆனால் அது நீதிமன்றம் வரை போய் நிரூபிக்க வேண்டிய வாதமாக இருந்தது. வெளிப்படையான பிரிவு இருந்திருந்தால் வெளியேற்றியவர்கள்தான் நீதிமன்றத்தில் விடை சொல்லியிருக்க வேண்டும். டிசம்பரில் காங்கிரஸ் மாநிலத்தை மீண்டும் இராணுவக் கண்காணிப்பில் வைத்தது. 1870 ஜனவரியில் டர்னரும் மற்றவர்களும் தங்கள் இருக்கைகளுக்குத் திரும்பினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் ஜார்ஜியாவின் பொதுப் பள்ளிச் சட்டத்தை நிறைவேற்றியது அவர்களும் அமர்ந்திருந்த அவைதான். டிசம்பர் தேர்தலில் சனநாயகக் கட்சி வென்றதும் அந்த இடைவேளை முடிந்தது.

பதினைந்தாம் திருத்தத்தை வரைந்தவர்கள் ஜார்ஜியாவிலிருந்து பாடம் கற்றிருக்கலாம். 1869 பிப்ரவரியில் காங்கிரஸின் செனட் ஏற்ற வடிவில் பதவி வகிக்கும் உரிமையும் இருந்தது. இரு அவைகளின் கூட்டுக்குழு அதை நீக்கி, வாக்குரிமையை மட்டும் நிறுத்திக்கொண்டது. மாநிலங்களின் ஒப்புதல் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது காரணம். மேக்கன் போன்ற ஊர்களில் இதன் விலை என்ன என்பதை அந்தக் குழு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1880இல் பேராயரான டர்னர், அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு எதிர்காலம் இல்லை, ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். சிவில் உரிமைச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1883இல் செல்லாததாக்கியபின் அவர் குரல் மேலும் கடுமையானது. முதுமையின் கசப்பு என்று அதை ஒதுக்குவது தவறு. வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு இருக்கையைப் பிடுங்கும் அரசை உள்ளிருந்து பார்த்த சட்டமன்ற உறுப்பினர் அவர். சட்டம் வாயால் ஒப்புக்கொண்டு கையால் மறுப்பதை எதிர்த்து 1868இல் பேசியவர், பேராயராகவும் அதையே பேசினார். மாறியது அவர் காட்டிய தீர்வு. 1915இல் அவர் இறந்தபோது ஜார்ஜியா சட்டமன்றத்தில் கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1962 தேர்தலில் லெராய் ஜான்சன் மாநில செனட்டுக்கு வெல்லும் வரை அந்நிலையே நீடித்தது.